வாசலில் செவ்வந்தி, மண்ணுக்குள் டாஃபடில்: இங்கிலாந்து கிராமத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பெண் ஒருத்தி தான் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் போட்டோவைக் காட்டினாள். கல் சுவர், சின்னதாக ஓட்டுக்கூரை போட்ட போர்ச், அதற்கு முன்னால் புதர் மண்டிக் கிடக்கிற தோட்டம். "அக்கா, இதையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு நாலு தொட்டி வெச்சா அழகா இருக்கும்ல?" என்று கேட்டாள். வெட்டாதே என்றுதான் முதலில் சொன்னேன். ஏன் என்று சொல்லி முடிக்க டீ நேரம் போதவில்லை. அதனால் அவளுக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து பெரிய ஊர் வாடகை கட்டுப்படியாகாமல் கிராமத்து காட்டேஜில் குடியேறுகிற எல்லோருக்குமாகவும் இங்கே எழுதுகிறேன். நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் சாமர்செட்டில் ஏழு வருஷமாக இருக்கிறேன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வடக்கே இருப்பவர்கள் நான் சொல்லும் வசந்தத் தேதிகளை இரண்டு வாரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் பிப்ரவரியில் நானும் அப்படித்தான் மண்வெட்டியை எடுத்தேன். வாசலை ஒட்டிய பாத்தியில் காய்ந்த குச்சியைத் தவிர ஒன்றுமே இல்லை. கொத்திப் பார்த்தால் தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி பழுப்பாகக் கொத்துக் கொத்தாக ஏதோ வேர், நுனியில் சிவப்பாக ஒரு மொட்டு. செத்த வேர் என்று நினைத்து மொத்தத்தையும் தோட்டக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். ஜூனில் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்த வருஷம் உன் பியோனி பூக்கவில்லையா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர் வைத்த செடியாம், முப்பது வருஷத்துக்கு மேல் அதே இடத்தில் பூத்துக்கொண்டிருந்ததாம். பியோனியைப் புதிதாக நட்டால் பூக்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் வளர்த்த பிள்ளையைத் தொலைத்த மாதிரி இருந்தது.

அதனால் சொல்கிறேன், முதல் ஒரு வருஷம் தோண்டாதீர்கள். நம் ஊரில் செடி பட்டுப்போனால் பட்டதுதான். இங்கே பாதிச் செடிகள் குளிருக்கு மண்ணுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, நாள் நீண்டதும் எழுந்து வரும். மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வையுங்கள், எங்கே எது எழுந்து வருகிறது என்று ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும். அதுவரை அலங்காரம் எல்லாம் தொட்டியிலும் போர்ச்சிலும் இருக்கட்டும். தொட்டி உங்களுடையது, வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். சுவரில் ஆணி அடிக்க, கொடி ஏற்ற, பழைய புதரை எடுக்க வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமாக இருந்தால்.

காட்டேஜ் தோட்டம் என்றால் ஏதோ சீமாட்டி வீட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கூலி வேலை செய்தவர்களின் குடிசையைச் சுற்றி முட்டைக்கோசும் அவரையும் மூலிகையும் வளர்ந்து, நடுவில் இடம் கிடைத்த இடத்தில் ரோஜாவும் ஹாலிஹாக்கும் நுழைந்துகொண்டதுதான் அதன் ஆரம்பம். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கும் வாழைக்கும் நடுவே செம்பருத்தியும் கனகாம்பரமும் நிற்குமே, அதே புத்தி. கோடு போட்டு நடுவது கிடையாது, ஒன்று மற்றொன்றின் தோளில் சாய்ந்து நிற்க வேண்டும். பார்த்தால்தான் புரியும் என்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கும் ஈஸ்ட் லாம்புரூக் மேனருக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மார்ஜெரி ஃபிஷ் என்ற அம்மாள் 1930-களின் கடைசியில் கணவரோடு அந்த வீட்டை வாங்கி, ஊர் மறந்துகொண்டிருந்த பழைய செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த தோட்டம். பிப்ரவரியில் அங்கே ஸ்னோடிராப் பூக்கும்போது போனால் இந்த ஊர்க் குளிர்காலத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

சரி, இப்போது செப்டம்பர் கடைசி. எல்லோரும் வசந்தத்தில் தொடங்கலாம் என்று காத்திருப்பார்கள், ஆனால் இந்த ஊரில் வருஷம் தொடங்குவது இலையுதிர்காலத்தில்தான். ஏப்ரலில் வாசலில் பூ வேண்டுமென்றால் அதை இப்போதே மண்ணுக்குள் வைத்தாக வேண்டும். டாஃபடில் கிழங்குகளை, கடையில் பல்ப் என்று வலைப்பையில் தொங்கும், செப்டம்பரிலேயே நட்டுவிடுங்கள். டூலிப்பை மட்டும் நவம்பர் வரை நிறுத்தி வையுங்கள், மண் குளிர்ந்த பிறகு நட்டால் அதற்கு வரும் பூஞ்சை நோய் குறையும். கிழங்கின் உயரம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம், கூர்ப்பக்கம் மேலே. பெரிய தொட்டி ஒன்று இருந்தால், டூலிப் நடுகிற நவம்பரில், அடியில் டூலிப், அதன்மேல் மண், அப்புறம் குட்டி டாஃபடில், அதற்கும் மேலே குரோக்கஸ், மேல்பரப்பில் அப்போது பூக்கிற வயோலா என்று அடுக்கி வைக்கலாம். ஒரே தொட்டி அன்றிலிருந்து மே வரை மாறி மாறிப் பூக்கும். சின்ன வாசலுக்கு இதைவிடச் சிக்கனமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. அணில் தோண்டும், அதற்கு மேலே ஒரு கோழிவலையைப் போட்டு அமுக்கி வைத்தால் போதும், முளை அதன் ஓட்டை வழியாக வந்துவிடும்.

போர்ச்சுக்கு இந்த மாதம் சூப்பர்மார்க்கெட் வாசலில் குண்டு குண்டாக வைத்து விற்கிறார்களே அந்தச் செடி, கிறிசாந்திமம் என்று எழுதியிருக்கும், நம் செவ்வந்திதான். முதல் தடவை பார்த்தபோது பூக்கடைத் தெருவே கண்முன் வந்தது. மொட்டாக இருக்கிற செடியாகப் பார்த்து வாங்குங்கள், மலர்ந்ததை வாங்கினால் பத்து நாளில் முடிந்துவிடும். படியின் ஒரு பக்கம் மூன்று தொட்டி, உயரம் ஏறி இறங்கி, பக்கத்தில் ஒரு பூசணி. அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாசலில் பூசணி வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள், ஒரு டப்பா மிட்டாய் வாங்கி வையுங்கள், ஒரே ராத்திரியில் தெருவே உங்களுக்குப் பழக்கமாகிவிடும். கேந்திப் பூவை மார்ச்சில் ஜன்னலோரம் விதைத்து மே கடைசியில் வெளியே வைத்தால் உறைபனி விழும்வரை பூக்கும். தீபாவளி நவம்பருக்குத் தள்ளிப் போகிற வருஷங்களில் அது தாங்காது, அப்போது செவ்வந்தியைக் கிள்ளித்தான் தொடுப்பேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி சொக்கப்பனை மாதிரி தீ மூட்டுவார்கள், 1605-ல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்ததன் நினைவாக. உங்கள் தோட்டத்தில் இலைக்குவியல் கிடந்தால் அன்றைக்கு அதைக் கொளுத்திவிடாதீர்கள், முள்ளெலி உள்ளே படுத்திருக்கும்.

அதற்கப்புறம் வருகிற இருட்டைப் பற்றித்தான் புதிதாக வருபவர்களிடம் யாரும் சரியாகச் சொல்வதில்லை. டிசம்பர் 21 வாக்கில் எட்டு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. டூட்டிக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. என் முதல் குளிர்காலத்தில் வீட்டுக் கதவைத் திறக்கவே மனம் வராது. போர்ச்சில் விளக்கு வைப்பதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள், நமக்கு அது மருந்து. சூரிய ஒளியில் ஓடும் விளக்குகள் டிசம்பரில் அரைமணி நேரம் மினுக்கிவிட்டு அணைந்துவிடும், அதில் காசைப் போட வேண்டாம். வெளியில் வைப்பதற்கென்று ஐபி44 என்று அச்சிட்ட எல்இடி சரம் ஒன்று, மஞ்சள் வெளிச்சமாகப் பார்த்து, டைமரோடு வாங்குங்கள். நாலு மணிக்கு அதுவாகவே எரிந்து நீங்கள் வரும்போது வாசலில் காத்திருக்கும்.

கார்த்திகை தீபம் நவம்பர் பாதிக்கு மேலோ டிசம்பரிலோ வருமில்லையா, அன்றைக்கு நான் அகலை அப்படியே வைப்பதில்லை, காற்று ஒரு நிமிஷம் விடாது. காலி ஜாம் பாட்டில்களைக் கழுவி, அடியில் ஒரு கை மணல் போட்டு, அதன்மேல் சின்ன அகலை இறக்கி, நீளத் தீக்குச்சியால் ஏற்றுவேன். கல் திட்டில் ஒன்பது பாட்டில். கண்ணாடியில் ஈரம் படிந்து சுடர் மங்கலாகப் பெரிதாகத் தெரியும், பின்னால் ஈரக் கல் சுவர் தேன் நிறத்துக்கு மாறும். அந்தப் பக்கமாக நாயோடு போன ஒருவர் நின்று, என்ன பண்டிகை என்று கேட்டு, அடுத்த வருஷம் தன் வீட்டு வாசலிலும் ஏற்றினார்.

கிறிஸ்துமஸ் வளையத்துக்கு ஹாலி, ஐவி எல்லாம் தோட்டத்திலேயே இருக்கும், கம்பி வளையம் மட்டும் வாங்கினால் போதும். ஜனவரி ஐந்து ஆறுக்குள் இறக்கிவிடுவது இங்கே வழக்கம். இறக்கிய பத்து நாளில் பொங்கல். மாவிலைக்கு எங்கே போவது? வாசலில் தொட்டியில் உருண்டையாக வெட்டி வைத்திருப்பார்களே பே மரம், அதன் இலையைச் சணலில் கோத்துத் தோரணம் கட்டுகிறேன். கொஞ்சம் சின்னது, ஆனால் ஒரு மாதம் பச்சை குறையாது, வாசமும் இருக்கும். கோலம் வெளிப்படியில் போட்டால் பத்து நிமிஷத்தில் மழை கொண்டு போய்விடும். போர்ச்சின் உள்தரையில், கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அரைத்த மாவில் இழைக்கோலம் போடுங்கள், நாள்கணக்கில் நிற்கும். தபால்காரர் தாண்டித் தாண்டிப் போவார். ஐஸ் கட்டும் நாளில் பாதைக்கு உப்பு தூவும்போது பாத்தி ஓரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடி கருகிவிடும். மண் தொட்டிகளைச் செங்கல் துண்டுமேல் தூக்கி வையுங்கள், அடியில் நீர் தேங்கி உறைந்தால் தொட்டி விரிசல் விட்டுவிடும்.

பிப்ரவரியில் ஸ்னோடிராப், மார்ச்சில் டாஃபடில். பூ முடிந்ததும் இலையை வெட்டாதீர்கள், பின்னலும் போடாதீர்கள். ஆறு வாரமாவது அப்படியே விட்டால்தான் அடுத்த வருஷத்துக்கான சத்து கிழங்கில் இறங்கும். வேலிப்புதரில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கத்தரி வைக்காதீர்கள், உள்ளே பறவை கூடு கட்டியிருக்கும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தெரிந்து கலைப்பது 1981-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வெயில் அடிக்கும், கடை முழுக்க பெட்டூனியாவும் ஜெரேனியமும் நிற்கும், கை பரபரக்கும். வாங்காதீர்கள். மே நடுவரைக்கும் ராத்திரி உறைபனி விழும், காலையில் பார்த்தால் எல்லாம் வெந்த கீரை மாதிரி கிடக்கும். முன்னமே வாங்கிவிட்டால் ராத்திரியில் போர்ச்சுக்குள் தூக்கி வையுங்கள். மே கடைசியில் லண்டனில் செல்சி பூக்கண்காட்சி நடக்கிற வாரத்தில் தொங்கு கூடைகளை மாட்டினால் கவலையில்லை.

அப்புறம், பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. பாதையோரம் மணி மணியாக ஊதாப்பூ தொங்கி நிற்கும் ஃபாக்ஸ்குளோவ் காட்டேஜ் தோட்டத்தின் ராணி, ஆனால் இலை, பூ, விதை எல்லாமே விஷம். நாம் வார்டில் நாடி பார்த்துக் கொடுக்கிற இதய மருந்து டிகாக்ஸின் அந்தச் செடி இனத்திலிருந்து வந்ததுதான், அது இதயத்தை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலியோரமாக வைத்திருக்கிறேன், படியருகில் இல்லை. முதல் வருஷம் இலை மட்டும் விடும், இரண்டாம் வருஷம்தான் பூக்கும், அதனால் பூக்காத இலையைக் களை என்று பிடுங்குவதும், மூலிகை என்று பறிப்பதும் இரண்டுமே நடக்கிறது.

ஓடில்லா நத்தைகளுக்கு யாராவது வீட்டில் மிச்சமிருக்கும் பழைய நீல மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், மெட்டால்டிஹைடு கலந்ததை 2022 வசந்தத்திலிருந்து இங்கே வெளியில் போடத் தடை.

ஜூன், ஜூலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், தோட்டமே பார்த்துக்கொள்ளும். ஆனால் லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்கள் தொங்கு கூடை வைக்காதீர்கள், வெயில் நாளில் தினமும் தண்ணீர் கேட்கும். லாவெண்டர், தடித்த இலையுள்ள சீடம் இரண்டையும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனால் அவ்வளவு சீக்கிரம் முகம் வாடாது. லாவெண்டரை ஆகஸ்டில் பூ முடிந்ததும் கவாத்து பண்ணுங்கள், பச்சை இருக்கும் வரைக்கும் மட்டும், கட்டையில் கை வைத்தால் துளிர்க்காது.

கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் மஞ்சள் போஸ்டர் ஒட்டிய வீடுகளைத் தேடிப் போங்கள். சொந்தக்காரர்கள் தங்கள் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்டு, டிக்கெட்டும் கேக்கும் டீயும் விற்று வருகிற பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். 1927-ல் வீடு வீடாகப் போகும் மாவட்ட நர்ஸ்களுக்காகப் பணம் திரட்டத் தொடங்கியது இது. அந்த வருஷம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி 609 தோட்டங்களைத் திறந்திருக்கிறார்கள், இன்றும் அந்தப் பணம் நர்ஸிங் அமைப்புகளுக்குப் போகிறது. நான் நர்ஸ் என்று சொன்னதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துத் தோட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். கிளம்பும்போது காகிதத்தில் சுற்றிய ஒரு வேர்த்துண்டைக் கொடுத்தார். பழுப்பு நிறம், நுனியில் சிவப்பு மொட்டு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மொட்டுக்கு மேல் இரண்டு விரற்கடைக்கு மிஞ்சி மண் மூடக் கூடாது, ஆழம் போனால் பூக்காது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பாட்டி காட்டிய அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் இரண்டு பூ, இந்த ஜூனில் ஏழு.

மதுரைத் தங்கச்சிக்கு: சனிக்கிழமை நான் லீவு. டாஃபடில் ஒரு பை வாங்கி வை, மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்து நான் எடுத்து வருகிறேன்.