புதுப்பிப்பு: வெள்ளவத்தை ரூம், கம்பஸ், சாப்பாடு

யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு கம்பசுக்கு வாறன், எங்க தங்கிறது, எப்பிடிப் போய்வாறதெண்டு முந்திக் கேட்டிருந்தன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்ப நிலவரம் இதுதான்.

ரூம் வெள்ளவத்தையிலதான் கிடைச்சது, காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கையில. வீட்டுக்கார அன்ரி நல்லவா, ஆனா இரவு பத்துக்குப் பிறகு கேற் பூட்டு. குறூப் அசைன்மென்ட் இருந்தாலும் அதே சட்டம்தான்.

100, 101 பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னீங்கள். பின்னேரம் பரவாயில்லை. காலமை ஃபுட்போர்டில ஒரு கால்தான் வைக்கலாம். கொண்டக்டர் சிங்களத்தில "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கோ) எண்டு கத்தக் கத்த முன்னுக்கு இடிபட்டுப் போகவேணும். இப்ப நான் ரெயின். அடுத்த ஸ்டேஷன் பம்பலப்பிட்டி, இறங்கி பௌத்தாலோக மாவத்தையால கம்பஸ் பக்கம் இருக்கிற தும்முல்லைச் சந்திக்கு நடை. வேர்வைதான், எண்டாலும் கடல் பாத்துக்கொண்டு வரலாம். சீசன் டிக்கெட் எடுத்தா காசும் மிச்சம்.

சிங்களம் மெல்ல மெல்ல வருது. பட்ச் பெடியள் என்னோட சிங்களத்தில கதைக்க, நான் அரைவாசி இங்கிலிஸில பதில் சொல்லுறன். லெக்சர் இங்கிலிஸ் எண்டபடியால் அங்க எல்லாரும் ஒரே நிலைமைதான்!

சாப்பாடுதான் இன்னும் சரிவரேல்லை. சைவக்கடை இடியப்பமும் சொதியும் ருசி, ஆனா மாசக் கடைசியில கட்டாது. ரூமில ரைஸ் குக்கர் வைக்க அன்ரியிட்டக் கேட்டிருக்கிறன். கரண்ட் பில்லைப் பாத்துச் சொல்லுறாவாம்.