டெல்லியில் மூன்று நாள்: அம்மாவோடு உட்கார எந்தப் பூங்கா?

தென்காசிப் பெண்:
பிப்ரவரி முதல் வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு டெல்லி வருகிறேன். ஆர்.கே.புரத்தில் சித்தி வீட்டில் தங்கல். மலை மந்திரில் முருகனைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அம்மா கேட்டது. வயது 68, முழங்கால் வலி. போன வருடம் ஒரு டூரில் ஒரே நாளில் ஆறு இடம் காட்டினார்கள். கடைசி இரண்டுக்கு அம்மா பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. இந்த முறை பெரிய பூங்கா ஒன்றில் பாதி நாள் நிதானமாக உட்கார ஆசை. ஆனால் பழைய கட்டடம் எதுவும் பார்க்காமல் திரும்பவும் மனசு வரவில்லை. எங்கே போகலாம்?

ஜோர்பாக் பக்கத்து வீடு:
லோதி கார்டனுக்குப் போங்கள், சகோதரி. பூங்காவா கட்டடமா என்று யோசிக்கவே வேண்டாம், இரண்டும் ஒரே இடம். சுமார் 90 ஏக்கர், கட்டணம் கிடையாது. டெல்லி சுல்தான் முகமது ஷாவின் எண்கோணக் கல்லறை 1444-ல் கட்டியது, பின்னால் வந்த சுல்தான் சிக்கந்தர் லோதியுடையது 1517. இவற்றைச் சுற்றி கைர்பூர் என்ற கிராமமே இருந்தது. அந்த மக்களை வெளியேற்றிவிட்டு 1936-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அந்தப் புல்வெளியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

நான் 22 வருடமாக இங்கே நடக்கிறேன். எல்லாக் கட்டடத்தையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். படா கும்பத் என்ற பெரிய குவிமாடக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் ஷீஷ் கும்பத் என்ற கல்லறையை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒருகாலத்தில் பளபளத்த நீல ஓடுகளில் கொஞ்சம்தான் மிச்சம், வாசலுக்கு மேலே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் சாய்ந்து படும்போது அந்த நீலம் தனியாகத் தெரியும்.

அப்புறம், உட்காரும் இடம். என் அம்மா முதல் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் மரத்தடியில் விரிப்பைப் போட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சால்வையை இறுக்கிக்கொண்டு அவரே விரிப்பை வெயிலுக்கு இழுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு குடும்பம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டி ஒரு சுளையை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மயூர் விஹார் மாமி:
அம்மாவுக்கு நடக்கத் தெம்பு இருந்தால் இரண்டாம் நாள் சுந்தர் நர்சரியும் போங்கோ. ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்திலேயே. டிக்கெட் உண்டு. ஆங்கிலேயர்கள் புதுத் தலைநகரைக் கட்டியபோது எந்தச் செடி அதற்கு ஒத்துவரும் என்று வளர்த்துப் பார்த்த இடம். 2018-ல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள், பாதையெல்லாம் சமதளம், முழங்காலுக்கு நல்லது. ராஷ்டிரபதி பவனில் இருக்கும் அம்ரித் உத்யான் தோட்டமும் அந்த மாதம் திறந்திருக்கும், திங்கள் விடுமுறை. ஆனால் நடை அதிகம், சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். நான் வேண்டாம் என்பேன். மலை மந்திரில் படி ஏறணும், அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதே அம்மா.

தென்காசிப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மாமி. முதல் நாள் கோயில், இரண்டாம் நாள் லோதி கார்டன், மூன்றாம் நாள் அம்மாவின் கால் சொல்வதைப் பொறுத்து நர்சரி. லோதி கார்டனுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடலாமா? சித்தி புளியோதரை கட்டித் தருகிறேன் என்கிறார்.

ஜோர்பாக் பக்கத்து வீடு:
ஏழு மணி வேண்டாம். புல் பனியில் நனைந்து கிடக்கும், அம்மாவுக்குக் குளிர் தாங்காது. பதினொன்றுக்கு வாருங்கள், மூன்று வரை நல்ல வெயில். ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோவில் ஹவுஸ் காஸ் வந்து மாறி ஜோர்பாக்கில் இறங்கலாம். ஆனால் மாறும் இடத்தில் நடை இருக்கிறது, அம்மாவோடு ஆட்டோவே மேல். விரிப்பு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். புளியோதரையை இரண்டு பேருக்குக் கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள், பக்கத்து விரிப்புக்காரர்களுக்கு.