அதிவேக ரயில் அச்சில் விரிசல் வளர்ச்சிக் கணக்கு: உதவி வேண்டும்

வணக்கம். குன்னூரைச் சேர்ந்த நான், எம்.இ. திட்ட அறிக்கைக்காக அதிவேக ரயில் அச்சுகளின் களைப்பு வலிமையை, அதாவது மீண்டும் மீண்டும் வரும் சுமையை விரிசலின்றித் தாங்கும் திறனை, படித்து வருகிறேன். 920 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடினால் அச்சு ஏறக்குறைய 35 கோடி முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் மேற்பரப்பு இழுவிசைக்கும் அமுக்கத்துக்கும் மாறி மாறி ஆட்படுகிறது. (மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாத எங்கள் மலை ரயிலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த எண்ணே மலைப்பு.)

அச்சு செய்யப் பயன்படும் இஏ4டி (EA4T) என்ற எஃகுக்கு ஐரோப்பியத் தரநிலை தரும் 240 மெகாபாஸ்கல் களைப்பு வரம்பு (களைப்பால் முறியாமல் தாங்கக்கூடிய தகைவின், அதாவது பரப்பலகின் மீதான உள்விசையின், உச்ச அளவு), பழுதற்ற மேற்பரப்புக்கே பொருந்தும். ஜல்லி தெறித்த தழும்போ துருக்குழியோ ஏற்பட்டுவிட்டால், விரிசல் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு, அது ஆபத்தான ஆழத்தை எட்டுமுன் மீயொலிச் சோதனையில் பிடிபடுமா என்றுதான் கணக்கிட வேண்டியிருக்கிறது. என் சிக்கலும் அங்கேதான்: விரிசலின் தொடக்க ஆழத்தை 1 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்கு மாற்றினாலே மீதி ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சோதனைக் கருவியின் கண்டறியும் திறனைக் கொண்டு இந்த ஆழத்தை எப்படித் தேர்வது?

மேட்டுப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் கழற்றி வைத்திருந்த பழைய அச்சில், சக்கரம் இறுகிப் பொருந்தியிருந்த இடத்தின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் வளையமாகப் படிந்திருந்ததைக் கண்டேன். அந்த இறுக்கப் பொருத்தத்தால் எழும் தகைவையும் விரிசல் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? இத்துறையில் பணியாற்றியவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.