ஓரங்குலம் நகர்ந்து நின்ற சீட்

சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். அவள் ஐந்தடி, நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டனை அழுத்தினால் அவரவர் பதிந்து வைத்த இடத்துக்குத் தானே நகரும் மெமரி சீட் அதில். ஒன்றாம் பட்டன் அவளுக்கு, இரண்டாம் பட்டன் எனக்கு. போன சித்திரையில் ஒருநாள் காலை அவள் ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பினாள். ஒன்றை அழுத்தினாள், சீட் அசையவில்லை. பக்கவாட்டு சுவிட்சைத் தள்ளினால் ஓரங்குலம் நகர்ந்து நின்றது. விட்டுத் தள்ளினால் இன்னும் ஓரங்குலம். ஆனால் சீட்டின் முதுகு சாய்ந்தது, உயரமும் ஏறி இறங்கியது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் மீட்டரைக் கையில் எடுக்காமலே, "மாடியூல் போயிடுச்சு, 40,000 ஆகும்" என்றார்கள். மாடியூல் என்பது சீட்டின் மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பெட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாடியூலே போயிருந்தால் மற்ற இரண்டும் எப்படி வேலை செய்யும்? பியூஸும் போயிருக்க முடியாது.

தோட்டப்பாளையத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. இந்த வண்டியில் ஒவ்வொரு மோட்டாரிலும், அது சுற்றுவதைக் காந்தத்தால் உணரும் ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. மோட்டார் சுற்றச் சுற்ற அது துடிப்புகளை அனுப்பும். மாடியூல் அவற்றை எண்ணித்தான் சீட் எங்கே நிற்கிறது என்று கணக்கு வைக்கிறது. எண்ணிக்கை வராமல் போனால், எதிலோ மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, மாடியூலுக்குத்தான் கண் தெரியவில்லை!

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் சீட்டின் போல்ட்டில் கை வைத்தார். அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது. அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது, இதைத் தயவுசெய்து யாரும் மறக்காதீர்கள்.

சீட்டைச் சாய்த்து வைத்து, திரும்ப பேட்டரி கொடுத்துப் பார்த்தார். சென்சாருக்குப் போகும் சப்ளை மாடியூல் பக்கம் 5 வோல்ட், மோட்டார் பக்கம் பூஜ்யம். ஒயர் கட்டைப் பிரித்தால், சீட் முன்னும் பின்னும் போகையில் தண்டவாளத்தில் உரசும் இடத்தில் மெல்லிய ஒயர் ஒன்று அறுந்து கிடந்தது. நுனியெல்லாம் பச்சைக் களிம்பு. புது ஒயர் சேர்த்துப் பற்றவைத்து, இழுபடாதபடி கொஞ்சம் தளர்வும் விட்டார். அப்புறம் சீட்டை முன் கோடிக்கும் பின் கோடிக்கும் ஓட்டிக் காட்டி, எங்கள் அளவுகளைப் புதிதாகப் பதிந்தோம். மொத்தச் செலவு 900 ரூபாய்.

*

அண்ணே, உங்கள் சீட் கதையைப் படித்தேன். நான் குடியாத்தம். என் சீட்டில் எதுவுமே அசையவில்லை, சுவிட்சைத் தொட்டால் மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே 'டக்' என்பதோடு சரி. சீட்டுக்கு வரும் பவர், எர்த் முனைகளுக்கு நடுவே மீட்டரில் 12.4 வோல்ட் வந்ததால் கரண்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பி இரண்டு நாள் வீணாக்கினேன். சும்மா இருக்கும் ஒயரில் மீட்டர் வைத்தால், ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை அதே இரண்டு முனைகளில் கொடுத்தேன், மங்கலாகச் சிவந்தது. பல்ப் எரியும்போதே எர்த் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால் 7 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட எதுவும் வரக் கூடாது.

2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் துருவேறிக் கிடந்தது. கழற்றி, உப்புத்தாளால் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து முடுக்கினேன். பல்ப் வெள்ளையாக எரிந்தது.