வயநாடு போய்வந்த எங்கள் குழுவுக்கு ஒரு மனநல ஆலோசகர் தேவை

வணக்கம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நிலச்சரிவு வந்தபோது, மதுரை செல்லூரிலிருந்து நாங்கள் 9 பேர் உதவிக்குப் போனோம். முந்தைய டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்துக்கும் போனவர்கள்தான். ஆனால் அது வேறு, இது வேறு.

போன வாரம் வைகைக் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஜேசிபி ஓடியவரை தம்பி ஒருவன் சாதாரணமாகத்தான் பேசினான். அது சட்டென்று நின்றதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். வயநாட்டில் ஜேசிபி நின்றால் மண்ணுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு அண்ணன் கறியைத் தொடுவதே இல்லை. மதுரைக்காரர் கறியை விட்டால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரண்டு பேர் பேசினார்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். தனி ஆளுக்கு அது சரி. எங்களுக்குச் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். ஆலோசகர் ஒருவரிடம் கேட்டோம், ஒரே நாளில் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள், முடித்துவிடலாம் என்றார். பேரிடரைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரே தடவை கிளறிவிடுவது வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வேண்டாமென்று வந்துவிட்டோம்.

குழுவாக வைத்து, வாரம் ஒருமுறை, ஏழெட்டு வாரமாவது நடத்தக்கூடிய அனுபவமுள்ள மனநல ஆலோசகர் மதுரையில் யாரையாவது தெரியுமா? ஞாயிறு சாயங்காலம்தான் எல்லோருக்கும் தோது. கட்டணம் ஓரளவு தருவோம். இடம் இருக்கிறது, மாடியில் ஒரு ஹால். அப்புறம், இதேபோல் குழுவாகப் பேசிப் பார்த்தவர்கள் இருந்தால் எப்படி இருந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தயக்கமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள்.