பந்து பட்டு விழுந்த பிள்ளைகள்: கோச், பி.இ.டி., கூட நின்றவர்கள் பார்த்ததை எழுதுங்கள்

ஊத்தங்கரை பி.இ.டி.:
பேஸ்பால் பயிற்சி, மாவட்ட டீம் தேர்வுக்கு முன்னால். எட்டாவது படிக்கிற பையன் மூன்றாம் பேஸில் நின்றான், தரையில் பட்டு எகிறிய பந்து நெஞ்சில் பட்டது. பெரிய அடி ஒன்றும் கிடையாது, அதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது. பந்தை எடுத்தான், எறியக் கையைத் தூக்கினான், இரண்டு எட்டு வைத்துக் குப்புற விழுந்துவிட்டான். கை கால் லேசாக வெட்டியது. உடனே கூட்டத்தில் "வலிப்பு, வலிப்பு" என்று சத்தம். ஒருவர் பைக் சாவியை அவன் கையில் திணித்து விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். பையன் இடைவெளி விட்டு விட்டுப் பெரிதாக மூச்சை இழுத்தான். "மூச்சு வருது சார், பயப்படாதீங்க" என்றார்கள். அது மூச்சே இல்லை, இதயம் நின்றுபோன பிறகு வருகிற இழுப்பு.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு அம்மா, நர்ஸ், சாவிக்காரரைப் பிடித்துத் தள்ளிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தார். சத்தமாக எண்ணிக்கொண்டே. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் மாறி மாறி அமுக்கினோம், 108 வந்தது, ஷாக் கொடுத்தார்கள், பிழைத்துவிட்டான். இப்போது பதினோராவது படிக்கிறான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுகூட அந்தச் சாவி அவன் கையில்தான் இருந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் சொன்ன பெயர் கொமோஷியோ கார்டிஸ். இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராகிற நேரம், ஒரு நொடியின் சின்னத் துணுக்கு, அந்த நேரம் பார்த்துச் சரியாக அந்த இடத்தில் அடி விழுந்தால் தாளம் குலைந்து இதயம் வெறுமனே நடுங்கும். எலும்பு உடையாது, ரத்தம் வராது, இதயத்தில் முன்னாலேயே கோளாறு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டாமர் ஹாம்லின் என்ற ஆட்டக்காரர் எழுந்து நின்று பின்னால் சாய்ந்தாரே, அதேதான்.

ஓசூர் அப்பா:
சார், படிக்கவே பதறுகிறது. என் பையன் கேட்சர், பேட் செய்கிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன், ஒரு தடவை மாஸ்க்கில் பந்து பட்டது, ஒன்றும் ஆகவில்லை, என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். முதலில், அந்தப் பையனுக்கு செஸ்ட் கார்ட், அதாவது நெஞ்சுக் கவசம், போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. பேஸ்பால் 142 கிராமுக்குக் குறையாது, கிரிக்கெட் பந்து 156 கிராம் இருக்கும், இரண்டுமே கல்தான், சின்னப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுப்பதே தப்பு, மென்மையான பயிற்சிப் பந்து கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அடுத்து ஐஸ். ஐஸைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும், ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் குனியச் சொல்லி மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடிக்க வேண்டும், நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. அப்புறம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முக்கோணத் துணி, கத்தரிக்கோல், கையுறை, எல்லாம் ஒரே பையில், பை மைதானத்தில். ஹெச்.எம். அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு சாவியைத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் அப்பா அம்மா போன் நம்பர் ஒரு தாளில் எழுதி அதே பையில் இருக்க வேண்டும். ஒரு சந்தேகம், அப்படி அமுக்கினால் விலா எலும்பு உடையாதா?

ஊத்தங்கரை பி.இ.டி.:
உடையலாம் சார். உடைந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த வயதுப் பையனுக்கு சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அமுக்கலுக்கும் நெஞ்சு முழுசாக மேலே வரவிட வேண்டும். ஷாக் கொடுக்கத் தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், அமுக்கிக்கொண்டிருந்தால் குறைவது மெதுவாகும்.
செஸ்ட் கார்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியில்லை. கார்ட் போட்டிருந்த பிள்ளைகளும் அமெரிக்காவில் இப்படிச் செத்திருக்கிறார்கள். கேட்சருக்கு அது கண்டிப்பாக வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருக்காதீர்கள். மென்மையான பந்து சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பென்னாகரத்தான்:
எனக்குத் தலை அடிதான் மறக்கவில்லை. அடுத்து ஆடப்போகிற பையன் பேட் செய்கிறவனுக்குப் பக்கத்திலேயே நின்றான், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு. வீசிய பேட் காதுக்கு மேல் பட்டது. உட்கார்ந்தான், எழுந்தான், போண்டா சாப்பிட்டான், "ஒண்ணும் இல்ல சார்". கோச் பையன் தெளிவாக இருக்கிறான் என்று அனுப்பிவிட்டார். நான் அதே ஏரியூர் பஸ்ஸில் பக்கத்து சீட். "அண்ணா, மேட்ச் எப்போ?" என்று கேட்டான். முடிஞ்சு போச்சுடா என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி "அண்ணா, மேட்ச் எப்போ?" கண்டக்டர் சிரித்தார், பையன் கிண்டல் பண்ணுகிறான் என்று. மூன்றாவது தடவையும் அதே குரலில், அதே வார்த்தை. அப்புறம் வாந்தி. வழியிலேயே இறக்கி, கார் பிடித்து தர்மபுரிக்கு. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம், அன்று ராத்திரியே ஆபரேஷன். நல்லபடியாக இருக்கிறான்.

கிரிக்கெட் ஆட்டக்காரர் ராமன் லம்பா ஞாபகம் இருக்கிறதா? 1998, டாக்கா, பேட்ஸ்மேனுக்கு மிகப் பக்கத்தில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார். தலையில் பந்து பட்ட பிறகு தானாக எழுந்து நடந்துதான் வெளியே போனார், மூன்று நாளில் இல்லை. தெளிவாகப் பேசுகிறான் என்பதை வைத்துப் பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிடுகிறவர்களை என்ன சொல்வது. தலையில் பட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, வீட்டில் ஒரு பெரியவரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். வாந்தி, தலைவலி கூடுவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிவது, அசாதாரணத் தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரி.

காவேரிப்பட்டணம் அக்கா:
என் பொண்ணு சாஃப்ட்பால். பேருக்குத்தான் சாஃப்ட், பந்து பேஸ்பாலைவிடப் பெரிசு, கனமும் அதிகம். அது பட்டு முன்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. உதவிக்கு நின்ற தம்பி நல்லவன்தான், பல்லை எடுத்துக் குழாயில் காட்டித் துண்டால் தேய்த்து மண்ணைப் போக்கப் பார்த்தான். தேய்க்காதே என்று கத்தினேன். வேரில் ஒட்டியிருக்கிற சவ்வு போனால் பல் மறுபடி ஒட்டாது என்று ஏற்கெனவே பல் டாக்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். அங்கேயே குழியில் திருப்பி வைத்துவிடுவது நல்லதாம், ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை, அழுகை. டீக்கடையில் போய்க் காய்ச்சாத பால் கேட்டேன், கடைக்காரர் "டீயா காபியாம்மா" என்கிறார், பல்லுக்கு என்றால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். டம்ளரில் பால், பாலில் பல், மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரை ஆட்டோ. ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம், பல் நின்றுவிட்டது. இது நிலைப்பல்லுக்குத்தான், பால் பல் விழுந்தால் திருப்பி வைக்கக் கூடாது.
ஓசூர் அண்ணா, உங்கள் பட்டியலில் பல்லே இல்லை.

அரூர் மாஸ்டர்:
எல்லாரும் விழுந்த கதையே எழுதுகிறீர்கள். என் பையன் விழவே இல்லை, எறிந்து எறிந்தே கெட்டான். டீமில் அவன் ஒருவன்தான் பிட்சர், பேட் செய்கிறவனுக்குப் பந்து எறிகிறவன். முழங்கையின் உள்பக்கம் வலி என்றான், வீட்டில் புத்தூர் கட்டு போட்டுவிட்டு வந்தார்கள், கட்டைப் பிரித்ததும் மறுபடி எறிந்தான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை இடது கையால் நகர்த்தினான், அப்போதுதான் எனக்கு உறைத்தது. எக்ஸ்ரேயில் வளரும் எலும்பின் நுனிக் குருத்து விலகியிருந்தது. கட்டுப் போட்டு எண்ணெய் தேய்க்கிற சமாசாரம் இல்லை இது, எறிவதை நிறுத்தினால்தான் ஆறும்.

ஓசூர் அப்பா:
மாஸ்டர், புத்தூர் கட்டைக் குறை சொல்லாதீர்கள், எங்கள் அப்பாவுக்குக் கை சேர்ந்தது அங்கேதான். பையனுக்குத் தோள் பயிற்சி, பால், முட்டை, கேழ்வரகு கொடுத்தால் தெம்பு வரும், தினமும் எறிந்தால்தான் கை பழகும்.

அரூர் மாஸ்டர்:
கேழ்வரகு கொடுங்கள், நானும் களி சாப்பிட்டு வளர்ந்தவன்தான். தினமும் எறியவிடாதீர்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் நடத்துகிற லிட்டில் லீக் 2007லேயே இன்னிங்ஸ் கணக்கை விட்டுப் பந்துக் கணக்குக்கு மாறிவிட்டது. 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, அதிகமாக எறிந்தால் அதற்கு ஏற்ப ஓய்வு நாள். நம் ஊரில் காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச், இரண்டுக்கும் அதே பையன். உங்கள் பையன் கேட்சர் என்றீர்களே, பிட்சருக்குத் திருப்பி எறிகிறவன் அவன்தான், அவன் கையையும் கேளுங்கள். ஸ்கோர் எழுத உட்காருகிற பிள்ளையிடம் பந்துக்கு ஒரு கோடு போடச் சொன்னால் போதும், தனி ஆள் வேண்டாம்.

ஓசூர் அப்பா:
கோடு போடச் சொல்கிறேன். புத்தூர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.