பிளாஸ்டிக் போட்ட தார் ரோடு வெயிலில் உருகாதா?

வைகைக்கரை:
எங்கள் ஊராட்சியில் பால் பாக்கெட், கேரி பேக் எல்லாம் சேர்த்து அரைத்து மூட்டை கட்டுகிறார்கள், கேட்டால் ரோடு போடப் போகிறது என்கிறார்கள். அடுத்து எங்கள் தெருவுக்கும் அதேதானாம். சித்திரை வெயிலில் வெறும் தாரே செருப்பில் ஒட்டிக்கொள்கிறது, இதில் பிளாஸ்டிக் வேறயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜல்லிக்கலவை:
ஹாட் மிக்ஸ் பிளாண்டில் (ஜல்லியும் தாரும் சூடாகக் கலக்கும் ஆலை) வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எல்லாரும் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதாக நினைக்கிறார்கள். நம் பக்கம் நடப்பது வேறு. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அது புரளும்போதே அரைத்த துண்டுகளைத் தூவினால், ஒரு நிமிஷத்துக்குள் கடலை உருண்டைக்குப் பாகு பிடிப்பதுபோல ஒவ்வொரு கல்லிலும் பிடித்துக்கொள்ளும், அப்புறம்தான் தார். வெயிலைவிட ரோட்டுக்குப் பெரிய எதிரி மழைத் தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும், பள்ளம் விழுவது அப்படித்தான். பூச்சு ஏறிய கல்லில் தண்ணீர் சுலபமாகப் புகாது. வெயிலுக்கும் வெறும் தாரைவிட இந்தக் கலவை லேசில் இளகாது.

சிவில்_மூன்றாம்வருஷம்:
இது மதுரைக்காரர் கண்டுபிடிப்பு! தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சார். 2002லேயே கல்லூரி வளாகத்தில் போட்டுப் பார்த்தார்கள், 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தார் எடையில் சுமார் 8 சதவீதம் பிளாஸ்டிக், அவ்வளவுதான். ஒரு வண்டி போகும் அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலை என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் போகும், அதே அளவு தார் மிச்சம்.

பழைய_ஓவர்சியர்:
எல்லாம் சரி தம்பி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? பாலித்தீன், தெர்மாகோல் போடலாம். பிவிசி, அதாவது தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக், கூடவே கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், பிளாண்டில் நிற்கிற கூலியாள்தான் அதை மூச்சில் இழுக்க வேண்டும். அதேபோல அடித்தளம் சரியாக இறுக்காமல், ஓரத்தில் வடிகாலும் இல்லாமல் மேலே எதைப் போட்டாலும் இரண்டு மழைக்குத்தான் தாங்கும். ரோடு தேய்ந்தால் பிளாஸ்டிக் தூள் வாய்க்காலுக்குப் போகுமே என்ற கவலையும் எனக்கு உண்டு.

வைகைக்கரை:
நன்றி ஐயா. இன்று போய் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன், கேரி பேக்கோடு பழைய குழாய்த் துண்டும் கிடக்கிறது. அரைக்கிற அக்காவிடம் சொன்னேன், "எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றார். இப்போது தனியாகப் பொறுக்கிப் போடுகிறார்.